உறைத் தண்ணீர்: பினாங்கில் ஒரு வாரம்

முதல் நாள் – கோலாலம்பூர்

விடிகாலையில் வந்து இறங்கியாச்சு. நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர், அதனால் கைக்கடிகாரத்தை மாற்றுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து கடைசியில் மாற்றாமலே விட்டுவிட்டேன். சித்தப்பா மகன் கெராமாட் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறான். ஒரு ராத்திரி அவன் வீட்டில், நாளைக்கு ரயிலேறி பினாங்கு. அங்கேதான் என் அத்தை இருக்கிறார். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவர், ஊருக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நான் கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறேன். பெரிய பண்ணையெல்லாம் இல்லை, மொட்டைமாடியில் இருபத்திரண்டு தொட்டி, முக்கால்வாசி ஃபைட்டர் மீன். ஃபைட்டர் குஞ்சுக்கு உயிருள்ள தீனி வேண்டும், அதற்கு மொய்னா என்ற பொடித் தண்ணீர்ப்பூச்சியை வளர்க்கிறேன், அந்த மொய்னா ஏழெட்டு மாதமாக எனக்கு ஒத்துழைப்பதில்லை. எட்டு நாள் நன்றாகப் பெருகும், ஒன்பதாம் நாள் காலையில் அடியில் சுண்ணாம்புத் தூள் மாதிரி செத்துக் கிடக்கும். அத்தையைப் பார்க்க வந்தேன் என்பது உண்மை. மாமாவும் முப்பது வருஷமாக மீன் வளர்க்கிறார் என்பதும் உண்மை. எது முதல் காரணம் என்று வீட்டில் கேட்காதீர்கள்.

தம்பி வீட்டில் ராத்திரி பேச்சு டெங்கியில் போய் நின்றது. இந்தப் பக்கமெல்லாம் சுகாதாரத் துறையே கொசுவைக் கொண்டுவந்து பறக்க விட்டதாம். அவன் மனைவி அதை இன்னும் நம்பாத குரலில் சொன்னாள்: "கொசுவ அடிக்கத்தான் ஆள் வருவாங்க, இங்க விடுறதுக்கு ஆள் வந்தாங்க அண்ணா!" விஷயம் உண்மைதான். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை நகரை ஒட்டிய சிலாங்கூர்ப் பகுதிகளில் விட்டுப் பார்த்தார்கள். அந்த இடங்களில் டெங்கி சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2019-ல் ஆய்வு வெளிவந்தது. அந்த பாக்டீரியா கொசுவின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. அது இருந்தால் டெங்கி வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருகுவது கஷ்டம். தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. இதில் ஒரு தந்திரம் வேறு: பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. ஆனால் பாக்டீரியா உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் முட்டை பொரியும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை பாக்டீரியா உள்ள கட்சிதான் ஜெயிக்கும்.

1924-லேயே அமெரிக்காவில் ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு பேர் சாதாரண வீட்டுக் கொசுவுக்குள் இதைப் பார்த்திருக்கிறார்கள். இறால், நண்டு வம்சத்திலும் இது உண்டு. தொட்டால் குண்டுமணி மாதிரி சுருண்டுகொள்ளுமே, ஈரச் செங்கல்லுக்கு அடியில் இருக்குமே, அந்தப் பூச்சி உண்மையில் தரையேறிய நண்டின் தூரத்து உறவு. அதற்குள் வோல்பாக்கியா புகுந்தால் ஆணாகப் பிறக்கவேண்டிய குஞ்சையே பெண்ணாக மாற்றிவிடும்.

பாக்டீரியா என்றாலே பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடும் ஆள் நான். ராத்திரி தூக்கம் வரவில்லை, கொசுவாலும் அல்ல.

இரண்டாம் நாள் – ரயில், கால் மருந்து

கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் வரை நாலு மணி நேரத்துக்கு மேல். ஏசி குளிர், வழியெல்லாம் செம்பனை. மாமா சின்ன வயதில் இருந்தபோது இதெல்லாம் பால்மரத் (ரப்பர்) தோட்டமாம், அவர் பிறந்ததே அப்படி ஒரு தோட்ட லயத்தில்தான்.

வீடு தீவில் இல்லை, இந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில். அதுவும் பினாங்கு மாநிலம்தான், ஆனால் பினாங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலைத் தாண்டாமல் இருப்பது ஒரு மாதிரிதான் இருக்கிறது. வாசலில் அத்தை. பார்த்ததும் முதல் கேள்வி, "பசியாறியாச்சாய்யா?" இங்கே காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுவது' என்கிறார்கள். இவ்வளவு நல்ல சொல்லை நாம் ஏன் விட்டோம், டிபன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்?

சாயங்காலம் ஒரு கூத்து. மொய்னாவுக்கு மலாயில் என்ன பெயர் என்று ரயிலிலேயே போனில் பார்த்து வைத்திருந்தேன். குத்து ஆயர். குத்து என்றால் பேன், ஆயர் என்றால் தண்ணீர், ஆகத் தண்ணீர்ப் பேன். கடைத்தெருவில் ஒரு கடைக்காரரிடம் பெருமையாக "குத்து ஆயர் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்தார், பாவமாக ஒரு பார்வை பார்த்தார், எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடையைக் கை காட்டினார். நானும் அங்கே போய் அதையே கேட்க, அந்தப் பெண் ஒரு களிம்பை எடுத்து வைத்தாள். எட்டு வெள்ளி. (ரிங்கிட்டை நம்மவர்கள் இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) சேற்றுப்புண்ணுக்கும் மலாயில் அதே பெயராம்! மாமா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "மாப்பிள, குத்து ஆயர் பின்னாடி தொட்டியில இருக்கு, கால்ல இல்லலா."

களிம்பு என் பையில்தான் இருக்கிறது. வாங்கியாச்சு, என்ன செய்ய.

மூன்றாம் நாள் – தாய்த் தொட்டி

இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை. பயணக் கட்டுரையில் இப்படி ஒரு நாள் வரலாமா தெரியாது, ஆனால் இந்த மொத்தப் பயணத்திலும் நான் அதிகம் பார்த்தது மாமா வீட்டுப் பின்கட்டைத்தான்.

பழைய குளிர்பெட்டிகளைக் கதவைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார், அதுதான் தொட்டி. நாலு குளிர்பெட்டி, இரண்டு நீல பீப்பாய், உடைந்த குளியல்தொட்டி ஒன்று. எல்லாவற்றிலும் தண்ணீர் பச்சையாக, பட்டாணி சூப் மாதிரி. சுவரெல்லாம் பாசி. எனக்குக் கை நமநமத்தது, ஒரு பிரஷ் கிடைத்தால் தேய்த்துவிடலாம் என்று. அதற்குள்ளே மொய்னா புகை மாதிரி மேகம் மேகமாக எழும்புகிறது. நான் ஆர்.ஓ. தண்ணீரில், பிளீச் போட்டுக் கழுவிய கண்ணாடித் தொட்டியில், அளந்து ஈஸ்ட் போட்டு வளர்க்கிற மொய்னாவில் இந்த அடர்த்தியை நான் பார்த்ததே கிடையாது.

"எப்படி மாமா?"

"ஒண்ணும் இல்ல. புதுத் தொட்டி போட்டா பாதி தண்ணி தாய்த் தொட்டியிலேருந்து ஊத்தணும். எந்தத் தொட்டியையும் முழுசா கவுக்கக் கூடாது. சவுக்காரம் கிட்டயே வரக் கூடாது. அவ்ளோதான்." (சவுக்காரம் என்றால் சோப்பு.)

தாய்த் தொட்டி என்பது அந்தக் குளியல்தொட்டி. பதினோரு வருஷமாக அதை முழுசாகக் காலி செய்ததே இல்லையாம்.

அப்புறம் அத்தை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. (அத்தை மகள் என்றதும் புருவத்தைத் தூக்காதீர்கள், எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அவளுக்கும் ஒன்று.) யாரோ விற்ற பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வைத்திருக்கிறாள். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரே ஒரு மொய்னாவைப் பிடித்து அதற்கு அடியில் வைத்தாள்.

நான் இதைக் கிலோக் கணக்கில் வளர்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் கண்ணாடி உடம்பு. முதுகுப் பக்கம் இதயம் எண்ணவே முடியாத வேகத்தில் துடிக்கிறது. ஒற்றைக் கறுப்புக் கண் உருண்டு உருண்டு திரும்புகிறது. முதுகுப் பையில் ஐந்தாறு குட்டிகள், அவற்றுக்கும் கண் வந்துவிட்டது. நடுவில் வளைந்து போகும் ஒரு பச்சைக் குழாய்: குடல். தின்ற பாசியின் நிறம் வெளியே தெரிகிறது.

"அத்தான், அந்தப் பச்சைக் குழாய்க்குள்ளதான் கதையே இருக்கு. ஆனா இந்த மைக்ராஸ்கோப்ல உங்களுக்குத் தெரியாது."

அவள் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். மொய்னாவுக்கு ஒரு பெரியம்மா உண்டு, டாப்னியா மாக்னா, ஐந்து மில்லிமீட்டர் வரை வளரும், குளிர் நாட்டுக் குளங்களில் இருப்பது. ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் அதிகம் நோண்டியிருக்கிறார்கள். அதன் குடலில் இருக்கும் பாக்டீரியாவின் மரபணுவைப் படித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரு பெயர் முன்னால் வந்து நிற்கிறது: லிம்னோஹாபிட்டன்ஸ். ஏரித் தண்ணீரில் உலகமெங்கும் தாராளமாக மிதக்கிற பாக்டீரியாதான். மிதக்கும்போது இவற்றுக்கு அது சாப்பாடு. குடலுக்குள் போன பிறகு அதில் சில குடித்தனக்காரர்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும், இல்லாவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். முட்டையைக் கிருமிநாசினியில் கழுவி, பாக்டீரியாவே இல்லாத சுத்தமான தண்ணீரில், சுத்தமான பாசியைத் தீனியாகப் போட்டு டாப்னியாவை வளர்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். கிருமியே இல்லாமல் வளர்ந்தவை குள்ளமாக இருந்தன, குட்டி குறைவாகப் போட்டன, சீக்கிரம் செத்தன. பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுத்ததும் தேறின. அதுமட்டுமல்ல, பாக்டீரியா உள்ள ஒரு டாப்னியாவை அதே தண்ணீரில் கூட விட்டாலே போதும், அதனிடமிருந்து தொற்றிக்கொண்டன. அடுத்த வருஷம் ஜப்பானில் ஒசாகாக்காரர்கள் லிம்னோஹாபிட்டன்ஸை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், குட்டி போடும் எண்ணிக்கை ஏறியது.

நான் ஒன்றும் பேசவில்லை. ஏழெட்டு மாதமாக நான் செய்தது அந்த ஆய்வுக்கூடத்தில் செய்ததேதான், காசு செலவு செய்து, பெருமையாக. போன வருஷம் தொட்டியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து முந்நூறு குஞ்சு போனது. அந்தக் கோபத்தில் இருந்த தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, எல்லாத் தொட்டியையும் பிளீச் போட்டுத் தேய்த்து, புதிதாக ஆரம்பித்தேன். அப்போதிலிருந்துதான் மொய்னா நிற்பதில்லை. தேதியைக்கூடச் சொல்ல முடியும், ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

"உடனே அதான் காரணம்னு முடிவு கட்டாதீங்க அத்தான்," என்றாள் ஆசிரியை. "ஈஸ்ட் கூடிப்போய் தண்ணியில ஆக்சிஜன் கொறஞ்சும் செத்திருக்கலாம். இந்த ஆராய்ச்சியெல்லாம் டாப்னியாவுல, உங்களோடது மொய்னா. செஞ்சு பாத்துருவோம்."

செய்தோம். இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். இரண்டிலும் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு ஈஸ்ட். கொதித்த தண்ணீரிலேயே மூன்று முறை அலசிய மொய்னா இருபது இருபது. இரண்டாவதில் மட்டும் தாய்த் தொட்டித் தண்ணீர் ஒரு கரண்டி. மாமா வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார், மொய்னா கூடப் போய்விடக் கூடாது என்று. சமையலறை ஜன்னலோரம் வைத்தோம்.

அந்த வேட்டியைப் பார்த்து அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். காலரா கிருமி, ஆற்றிலும் குளத்திலும் இந்த மொய்னாவின் இன்னொரு ஒன்றுவிட்ட சொந்தமான கோப்பிபாடு என்ற பூச்சியின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, வங்கதேசத்துக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னது. பூச்சி துணியில் நின்றுவிடும், கிருமியும் அதோடு நின்றுவிடும். காலரா கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. புதுச் சேலை அவ்வளவு உதவாது, துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்து இடைவெளி அடைபட்ட பழசுதான் வேண்டும். குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்த என் பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் – மழை

மழை. காலையிலிருந்து. தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்தில் பேசினாலும் கேட்கவில்லை.

அத்தை பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்த்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துக் கலக்கினார். எத்தனை ஆயிரம் முறை பார்த்த காட்சி. இன்றைக்குத்தான் உறைத்தது என்று எழுதப் போனால் சிலேடையாகிவிடும், ஆனால் வேறு சொல் இல்லை. இரண்டாவது பாட்டிலில் நாங்கள் ஊற்றிய கரண்டித் தண்ணீர் உறைமோர்தானே? நம் வீடுகளில் உறைக்கு இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவோம். பால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தானாகத் தயிராகாது.

இதை அத்தை மகளிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "தயிருக்கும் தண்ணீர்ப் பூச்சிக்கும் ஏற்கெனவே ஒருத்தர் முடிச்சு போட்டுட்டாரு அத்தான், உங்களுக்கு நூறு வருஷம் முன்னாடி."

இல்யா மெச்னிகோவ். பழைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனில் பிறந்தவர். நம் ரத்தத்தில் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிக் காப்பாற்றுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைச் சொன்ன ஆள். 1884-ல் அதற்கு அவர் காட்டிய சாட்சி டாப்னியா. உடம்பு கண்ணாடி என்பதால் உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். ஒரு வகை ஈஸ்டின் ஊசி போன்ற வித்துகளை டாப்னியா விழுங்குகிறது, அது குடல் சுவரைக் குத்திக்கொண்டு உடம்புக்குள் வருகிறது, உடனே ரத்த அணுக்கள் வந்து மொய்த்து அதை விழுங்கப் பார்க்கின்றன. அணுக்கள் ஜெயித்தால் டாப்னியா பிழைக்கும், ஈஸ்ட் முந்திக்கொண்டால் சாகும். எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்து வரைந்து வைத்திருக்கிறார். 1908-ல் நோபல் பரிசு.

அதே மனுஷன்தான் வயதான காலத்தில் தயிர்ப் பைத்தியம் பிடித்து, புளித்த பாலில் உள்ள பாக்டீரியா குடலைக் காக்கும், ஆயுளைக் கூட்டும் என்று ஊரெல்லாம் சொல்லி, தானும் தினமும் குடித்தார். ஐரோப்பாவில் தயிர் மோகம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் எழுபத்தொரு வயதில், 1916-ல் இறந்தார், அது ஆயுள் கூடியதா குறைந்ததா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

டாப்னியாவுக்குள் வாழ்கிற எல்லாமே நல்ல குடித்தனக்காரர் இல்லை என்று முதலில் காட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1888-ல் பாஸ்டூரியா என்று ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தார், தான் வேலைக்குச் சேர்ந்த பாஸ்டரின் பெயர். அது புகுந்தால் டாப்னியா மலடாகும், குட்டிக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் உடம்பில் ஏறி ஊதிப் பெருக்கும், கடைசியில் செத்து லட்சக்கணக்கில் வித்துகளைச் சேற்றில் கொட்டும். அந்த வித்து பத்து இருபது வருஷம் கழித்தும் உயிரோடு இருக்கும். ஆக ஒரே குளத்துச் சேற்றில் உறைமோரும் விஷமும் சேர்ந்தே கிடக்கின்றன, நான் பிளீச் போட்டுக் கழுவியபோது இரண்டையும்தான் கழுவினேன்.

குட்டிக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். வோல்பாக்கியா மாதிரி முட்டைக்குள் சீதனமாக வருவதில்லையாம். சுற்றியிருக்கும் தண்ணீரிலிருந்தும் கூட வாழ்கிறவற்றின் கழிவிலிருந்தும்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் குட்டியை மட்டும் எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டால் அது அநாதை.

சாயங்காலம் பாட்டில் பார்த்தோம். ஒன்றாவது தெளிவாக, அழகாக இருக்கிறது, மொய்னா சோம்பலாக மேலே வந்து வந்து போகிறது, நாலைந்து அடியில் கிடக்கிறது. இரண்டாவது லேசாகக் கலங்கி இருக்கிறது, ஆனால் துள்ளுகிறது. ஒரே நாள்தான், ஒன்றும் சொல்ல முடியாது என்று ஆசிரியை கட்டளை.

ஐந்தாம் நாள் – தீவு

கடைசியில் கடலைத் தாண்டினேன். மாமா காடியில் (கார் என்றால் இங்கே காடி) படகுத்துறை வரை கொண்டுவந்து விட்டார். தீவில் எல்லாரும் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போனேன், நீங்களும் நூறு பேர் எழுதிப் படித்திருப்பீர்கள், அதனால் வேகமாக: குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, மார்க்கெட் தெருவில் பூக்கடை வாசம், பாட்டுச் சத்தம், நாசி காந்தர். காந்தர் என்றால் தோள்மேல் வைக்கும் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் காவடி மாதிரி இரண்டு பக்கமும் கூடையைத் தொங்கவிட்டுச் சோறு விற்றதால் அந்தப் பெயர். நாலைந்து குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிவிடுகிறார்கள். கலந்தால்தான் ருசி என்கிறார் கடைக்காரர். தனித்தனியாகக் கேட்டேன், முறைத்தார்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் படியேறினேன். 513 படி என்கிறார்கள், நான் முந்நூறுக்கு மேல் எண்ணவில்லை, மூச்சுதான் எண்ணினேன். தைப்பூசத்தன்று இந்தப் படியில் நிற்க இடமிருக்காது என்று அத்தை சொல்லியிருந்தார். இன்றைக்குப் பத்துப் பேர் இருந்தோம். மேலே நின்றால் கடல் தெரிகிறது. கீழே இறங்கிப் பக்கத்திலேயே 1884-ல் ஆரம்பித்த தாவரவியல் பூங்கா, அருவியிலிருந்து ஓடிவரும் ஓடை. பழைய ஆள் என்றால் குனிந்து பூவைப் பார்த்திருப்பேன். இன்றைக்கு ஓர் அல்லிக் குட்டை ஓரத்தில் குந்தி அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்தேன். எள் விதைக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று அடியில் ஓடியது, ஆஸ்ட்ரகாடு என்று அத்தை மகள் நேற்றுக் காட்டிய ஜாதி, இரண்டு ஓட்டுக்கு நடுவில் வாழும் பொடி இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் செல்லுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா உண்டாம், கார்டினியம் என்று பெயர். அது அங்கே நன்மை செய்கிறதா கெடுதல் செய்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அதுகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டாள். எடுத்து வரவில்லை, பூங்காவில் கை வைக்கக் கூடாது. காவலாளி ஒருவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார், பாவம், என்ன நினைத்தாரோ.

ஆறாம் நாள் – பாட்டில்

எழுதவே மனசில்லை.

காலையில் எழுந்து ஜன்னலுக்குப் போனால் ஒரு பாட்டில்தான் இருக்கிறது. தெளிந்த தண்ணீர் பாட்டில், மொய்னா இப்போது ஐந்தோ ஆறோதான் அசைகிறது. இரண்டாவது பாட்டில் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

"அத்தை, இங்க இருந்த பாட்டில்?"

"அந்த அழுக்குத் தண்ணியாய்யா? கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன். உள்ள புழு புழுவா துள்ளுது, கொசுக் குஞ்சா இருக்கும்னு பயந்துட்டேன். சுகாதாரத்துக்காரங்க வந்து பாத்தா ஐந்நூறு வெள்ளி தீட்டிருவாங்க. நல்ல தண்ணி பாட்டிலை அப்படியேதான் வச்சிருக்கேன், பாரு."

அபராதம் உண்மைதான், வீட்டில் ஏடிஸ் வளர்ந்தால் இங்கே சும்மா விடமாட்டார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார், தோள் குலுங்குவது தெரிந்தது. ஆசிரியை மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "கட்டுப்பாட்டு மாதிரியைக் காப்பாத்தி, சோதனையைக் கொட்டிட்டாங்க அம்மா" என்றாள். முந்தின நாள் ராத்திரி அவள் எண்ணிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டாள், நான்தான் தீவு சுற்றிய களைப்பில் நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். எண்ணவே முடியாத அளவுக்குக் குட்டி போட்டிருந்தது என்று அவள் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதுவதா என்று யோசித்தேன், அவள் சொன்னாள் என்று எழுதுகிறேன்.

அத்தைமேல் கோபப்படவும் முடியவில்லை. எல்லாத் தொட்டித் தண்ணீரையும் சாக்கடையில் கொட்டியவன் நான், அவர் ஒரு பாட்டிலைத்தான் கொட்டினார், அதுவும் கறிவேப்பிலைக்கு.

மதியம் இன்னொரு யோசனை: தாய்த் தொட்டித் தண்ணீர் அரை லிட்டரைப் பையில் கட்டி எடுத்துப் போனால் என்ன? மாமாவே தடுத்தார். "வேணாம் மாப்பிள. இந்தத் தண்ணியில என்னென்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. எங்க ஊரு சீக்கு உங்க ஊரு குளத்துக்குப் போகக் கூடாது. ஏர்போட்ல பிடிச்சா அது வேற." முந்தாநாள் கேட்ட பாஸ்டூரியா ஞாபகம் வந்தது. சரி என்றுவிட்டேன். அவர் பின்கட்டுக்குப் போய்க் குளியல்தொட்டியில் கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, "உங்க ஊர்ல பழைய தொட்டிக்காரன் ஒருத்தன்கூடவா இல்ல?" என்றார்.

இருக்கிறார். அதுதான் பிரச்சினை.

ஏழாம் நாள் – கோலாலம்பூர் விமான நிலையம்

விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சோறு சாப்பிட்டாச்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டினார், அடுத்து எப்போது என்று நானும் சொல்லவில்லை.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் மீன் வளர்க்கிறார். நான் தொழில் கற்றுக்கொண்டதே அவரிடம்தான். சிமெண்டுத் தொட்டிகள், இருபது வருஷப் பாசி. வெள்ளைப்புள்ளி நோய் அவர் கொடுத்த மீனிலிருந்துதான் வந்தது என்று நாலு பேர் நடுவில் கத்தினேன். 'உன் தொட்டி அசிங்கம்' என்றும் சொன்னேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை, எதிரே வந்தால் அவர் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

போன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு காபி குடித்தேன். இரண்டாவதும் குடித்தேன். அப்புறம் அடித்தேன்.

"யாரு?"

சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது, ஏரேட்டராக இருக்கும்.

"அண்ணே, உங்க மொய்னாத் தொட்டியிலேருந்து பழைய தண்ணி ஒரு பக்கெட் வேணும். பூச்சி வேணாம், தண்ணி போதும்."

"மலேசியாவுலேருந்தா கேக்குற?"

"ஆமாண்ணே."

மறுபடி மோட்டார் சத்தம். பிறகு, "அசிங்கத் தண்ணிதான். பரவால்லையா?" என்றார். நான் என்ன சொல்வது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, "மூடி உள்ள பக்கெட்டா கொண்டுவா, போன தடவ வண்டியெல்லாம் சிந்திட்ட" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அறிவிப்பு வருகிறது. களிம்பைப் பையில் தேடினேன், படிகளில் ஏறி இறங்கியதில் காலில் உண்மையாகவே அரிக்கிறது.